தன் குரல் இல்லாத பெட்டி

தூத்துக்குடிக் கடற்கரையில் வளரும் பிள்ளைகளுக்குச் சங்கு ஒரு விளையாட்டுப் பொருள். பெரிய சங்கு ஒன்றைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் 'ஓ' என்ற இரைச்சல் கேட்கும். "உள்ளே கடல் இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாமும் நம்பியிருப்போம்.

மாணவ நண்பர்களே, அதை ஒரு சோதனையாகச் செய்து பாருங்கள். சங்கு கிடைக்காவிட்டால் ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். பகலில் தெருப்பக்கச் சன்னலருகே நின்று அதைக் காதில் வையுங்கள். பிறகு, ஊர் உறங்கிய நேரத்தில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வையுங்கள். இரைச்சல் மிகவும் குறைந்திருக்கும். டம்ளருக்குப் பதில் பெரிய செம்பை வைத்தால் இரைச்சலின் சுருதி தாழும். ஆகவே, உள்ளே கடல் இல்லை. சுற்றுப்புறத்தில் எப்போதும் பல ஒலிகள் கலந்து மிதக்கின்றன. சங்கின் உள்ளே அடைபட்ட காற்றுக்குச் சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு. வெளியொலியில் அவற்றோடு பொருந்துபவற்றைச் சங்கு வலுப்படுத்துகிறது. இதுவே ஒத்ததிர்வு.

அதாவது, சங்கு தான் கேட்டதைக் கேட்டபடி நமக்குச் சொல்வதில்லை. தன் குரலையும் அதில் கலந்துவிடுகிறது. விளையாட்டுக்கு இது இனிமை. ஆனால் ஓர் ஒலிபெருக்கி இதையே செய்தால் அது குற்றம். உயர்ந்த தரமான வீட்டு ஒலிபெருக்கியை உருவாக்கும் பொறியாளரின் வேலை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம்: அந்தப் பெட்டிக்குத் தன் குரல் என்று ஒன்று இருக்கக்கூடாது.

ஓர் ஒலிநாடாவின் கதை

இந்தப் பாடத்தை நான் கற்றது வகுப்பறையில் அன்று. என் தந்தையார் சங்கு குளிப்பவர். கடலோடிகள் வடம் இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை நன்றாகப் பாடுவார். 1989ஆம் ஆண்டு உறவினர் ஒருவர் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். தந்தையார் மறைந்த பிறகு எங்களிடம் எஞ்சிய அவர் குரல் அது ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கணிப்பொறிக்கு மாற்றி, கடையில் வாங்கிய ஒரு மலிவான ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டேன். அம்மா சற்று நேரம் கேட்டார்கள். "இது ஒங்க அப்பா சத்தம் மாதிரியே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

நாடா பழுதா, பெட்டி பழுதா? இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதற்கு விடை காணவேண்டியதாயிற்று.

காகிதம் பேசும் விதம்

முதலில் ஒலிபெருக்கியின் உறுப்புகளைக் காண்போம். வட்டமான நிலைக்காந்தத்தின் நடுவே ஒரு குறுகிய இடைவெளி. அதில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. சுருளோடு ஒட்டப்பட்டது காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூம்பு. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப் புலம் அதைத் தள்ளுகிறது. மின்னோட்டத்தின் திசை மாறினால் இழுக்கிறது. கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அசைக்கிறது. இன்று நாம் காணும் வடிவத்திற்கு அடித்தளமிட்டவர்கள் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர் இருவர். அவர்களுடைய கட்டுரை 1925இல் வெளிவந்தது.

விசையைக் கணக்கிடுவது எளிது: விசை = காந்தப் புலம் × மின்னோட்டம் × கம்பியின் நீளம். புலம் 1 டெஸ்லா, மின்னோட்டம் 1 ஆம்பியர், இடைவெளிக்குள் உள்ள கம்பியின் நீளம் 5 மீட்டர் என்று கொண்டால் விசை 5 நியூட்டன். அசையும் பகுதியின் நிறை 20 கிராம் என்றால் முடுக்கம் 250 மீட்டர்/வினாடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 25 மடங்கு! இந்த உலுக்கலில் கூம்பு வளையாமல், மடங்காமல், முழுவதும் ஒரே உடலாக நகரவேண்டும். வளைந்தால் அது பாட்டில் இல்லாத ஒலியைச் சேர்த்துவிடும். எனவே கூம்பு இலேசாகவும் இருக்கவேண்டும், விறைப்பாகவும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போகாத குணங்கள் என்பதை நினைவிற்கொள்க.

பெட்டி எதற்கு?

கூம்பு முன்னே நகரும்போது அதன் முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னலையும் பின்னலையும் நேர் எதிரானவை. பின்னலை ஓரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலைநீளம் மிகுந்த தாழ்ந்த சுருதிகளே இவ்வாறு அதிகம் அழியும்.

இதையும் செய்து பாருங்கள். பழைய வானொலியிலிருந்து எடுத்த சிறு ஒலிபெருக்கி ஒன்றைப் பெட்டியில்லாமல் ஒலிக்கச் செய்யுங்கள். குரல் தகரம்போல் மெலிந்து கேட்கும். பெரிய அட்டை ஒன்றில் வட்டமாகத் துளையிட்டு ஒலிபெருக்கியை அதில் பொருத்துங்கள். உடனே குரலுக்கு உடம்பு வந்துவிடும். அட்டை எதையும் பெருக்கவில்லை. பின்னலையை முன்னே வரவிடாமல் தடுத்தது, அவ்வளவே. அந்த அட்டையை நான்கு புறமும் மடித்து மூடினால் அதுதான் பெட்டி.

பெட்டியின் மூன்று குற்றங்கள்

பின்னலையைப் பெட்டிக்குள் சிறை வைத்தோம். சிறைப்பட்டது சும்மா இருக்குமா?

முதற்குற்றம், பலகைகள் அதிர்வது. கூம்பின் பரப்பைவிடப் பலகைகளின் பரப்பு மிகப் பெரிது. எனவே சிறிதளவு அதிர்ந்தாலும் அவை தாமே ஒலிபெருக்கிகளாகிவிடும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 6 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. பலகை போட்டால் விறைப்பு 27 மடங்காகும். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தால் மேலும் உறுதி கூடும்.

இரண்டாவது குற்றம், உள்ளே நிலையலைகள் தோன்றுவது. பெட்டியின் உள்ளுயரம் 50 செ.மீ. என்று கொள்வோம். தூத்துக்குடி போன்ற வெப்பமான ஊரில், 30 பாகை செல்சியஸில், காற்றில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 350 மீட்டர்/வினாடி. அரை அலைநீளம் 50 செ.மீ. ஆகும்போது அதிர்வெண் 350 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதி மட்டும் பெட்டிக்குள் மேலும் கீழும் மோதிக்கொண்டேயிருந்து, மெல்லிய கூம்பின் வழியே வெளியே கசியும். இது சங்கின் இரைச்சலேதான்! உள்ளே பஞ்சோ கம்பளி இழையோ வைத்தால் ஒலியின் ஆற்றல் உராய்வால் வெப்பமாகித் தணிந்துவிடும்.

மூன்றாவது குற்றம், அடைபட்ட காற்று சுருள்வில்போல் கூம்பை எதிர்த்துத் தள்ளுவது. பெட்டி சிறிதாயின் வில் கடினம். தாழ்ந்த சுருதிகள் மெலியும். இந்தக் குற்றத்தையே குணமாக்கியவர் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர். கூம்பைத் தாங்கும் விளிம்புகளும் துணி வளையமும் வில்லைப்போல் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. காற்று அவற்றைவிட ஒழுங்கானது. ஆகவே கூம்பை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, மூடிய பெட்டியின் காற்றையே முதன்மை வில்லாக்கினார். 1954இல் வந்த அவருடைய ஒலிபெருக்கி, சிறிய பெட்டியிலிருந்து தூய தாழ்சுருதியைத் தந்தது.

பானை தந்த வழி

வேறொரு வழியும் உண்டு. வாய் குறுகிய பாட்டிலின் மேல் ஊதினால் 'பூம்' என்று ஒலிக்கிறதல்லவா? கழுத்திலுள்ள காற்று ஒரு நிறை. வயிற்றிலுள்ள காற்று ஒரு வில். இந்த அமைப்பை ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பெட்டியில் ஒரு குழாய் பொருத்தி அதன் சுருதியைத் தக்கபடி அமைத்தால், கூம்பு சோர்ந்துபோகும் தாழ்ந்த அதிர்வெண்ணில் குழாயின் காற்று கைகொடுக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்டியின் கொள்ளளவு 30 லிட்டர். குழாயின் விட்டம் 7 செ.மீ.; எனவே குறுக்குப் பரப்பு சுமார் 38.5 சதுர செ.மீ. முனைத் திருத்தங்களையும் சேர்த்து நீளம் 15 செ.மீ. பரப்பைக் கொள்ளளவு, நீளம் இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, 2π ஆல் வகுக்கவேண்டும். எல்லாவற்றையும் மீட்டர் அலகில் எழுதிச் செய்தால் விடை சுமார் 51 ஹெர்ட்ஸ்.

இதில் அளவு தவறினால் பெட்டி எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'பூம்' போடும். அதைத் தவிர்க்கும் கணித முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961இலும், அவருக்குப் பின் ஸ்மால் என்பவர் 1970களிலும் வகுத்துத் தந்தனர். உலகெங்கும் ஒலிபெருக்கிகளின் குணங்களை இன்றும் தீல்-ஸ்மால் அளவுகள் என்றே குறிக்கிறார்கள்.

திருப்பிப் பிடித்த சங்கு

கோயிலில் சங்கு ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். நுனியை வெட்டிய சிறு துளையில் உதடுகள் அதிர்கின்றன. ஒலி சுருண்ட வழியே சென்று, வழி அகல அகல, பெரிய வாயால் வெளியேறுகிறது. அதிர்வை வெளிக்காற்றுக்குக் கைமாற்ற, படிப்படியாக விரியும் பாதை மிகவும் உதவுகிறது. திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் இதே தத்துவந்தான். குறைந்த மின்திறனில் ஊரைக் கூட்ட அது ஏற்றது. ஆனால் எல்லாச் சுருதிகளையும் சமமாகத் தருவது அதன் வேலை அன்று.

இப்போது சங்கை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அகன்ற வாயின் வழியே ஒலியை உள்ளே அனுப்பினால்? இங்கிலாந்தின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் 1993இல் 'நாட்டிலஸ்' என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டது. லாரன்ஸ் டிக்கி என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதில் நான்கு ஒலிப்பான்கள். ஒவ்வொன்றின் பின்னும் வரவரக் குறுகும் நீண்ட குழாய். பின்னலை அகன்ற பக்கத்தில் நுழைந்து, இழைகள் நிரம்பிய குழாய்க்குள் போகப்போகத் தேய்ந்து, திரும்பி வராமலே மடிகிறது. தாழ்சுருதிக்கு மிக நீண்ட குழாய் வேண்டும். அதைச் சுருட்டி வைத்தபோது பெட்டியே ஒரு கடற்சிப்பியின் வடிவம் பெற்றது. நாட்டிலஸ் என்பது நம் சங்கு அன்று; கணவாய்க்கு உறவான வேறோர் உயிர். ஆயினும் பாடம் ஒன்றுதான். ஊதும் சங்கு ஒலியை வெளியே அனுப்பும் வழி. இந்தச் சிப்பி வேண்டாத ஒலியை உள்ளே கொண்டுபோய் அடக்கும் வழி.

கப்பலுக்கு ஒரு குரல், படகுக்கு ஒரு குரல்

தூத்துக்குடித் துறைமுகத்தருகே நின்றால் பெரிய கப்பலின் அடித்தொண்டை ஊதலையும் சிறு கலங்களின் கீச்சொலியையும் பிரித்தறியலாம். இது தற்செயல் அன்று. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதலுக்கு அடிப்படை அதிர்வெண் 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை. 75 மீட்டருக்குக் குறைந்த கலங்களுக்கு 250 முதல் 700 ஹெர்ட்ஸ் வரை. உருவம் பெரிதானால் குரல் தாழ்கிறது.

70 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5 மீட்டர். மனிதக் காதின் மேல் எல்லையாகிய 20,000 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 1.75 செ.மீ. தான். இவ்விரண்டையும் ஒரே கூம்பு நன்றாகத் தருவது கடினம். தாழ்சுருதிக்கு நிறையக் காற்றைத் தள்ளப் பெரிய கூம்பு வேண்டும். ஆனால் 20 செ.மீ. கூம்பு 3,500 ஹெர்ட்ஸைத் தரும்போது அலைநீளம் 10 செ.மீ.; கூம்பைவிட அலை சிறிது. அப்போது ஒலி டார்ச் விளக்கின் கதிர்போல் நேர் முன்னே மட்டும் பாயும். பக்கத்தில் அமர்ந்தவருக்குக் குரல் மங்கிவிடும். எனவே தாழ்சுருதிக்குப் பெரியதும், மேல்சுருதிக்கு 2.5 செ.மீ. அளவுள்ள சிறு குவிமாடமும் வைத்து வேலையைப் பங்கிடுகிறார்கள்.

பங்கிடும் வாயிற்காவலர்கள் இருவர். மின்தேக்கி உயர்ந்த அதிர்வெண்களை எளிதில் விடும். மின்தூண்டி தாழ்ந்தவற்றை எளிதில் விடும். 8 ஓம் ஒலிப்பான்களை 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்க, மிக எளிய சுற்றில் சுமார் 8 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 0.5 மில்லிஹென்றி மின்தூண்டியும் போதும். உங்கள் பாடநூலிலுள்ள மின்மறுப்புச் சூத்திரங்களைக் கொண்டு இவ்விடைகளைச் சரிபாருங்கள்.

பங்கீடு சரியில்லாவிட்டால் என்ன கெடும்? மிருதங்கத்தை நினையுங்கள். சாதாரணத் தோல் பறையின் மேற்சுரங்கள் 1 : 1.59 : 2.14 என்று ஒழுங்கற்ற விகிதத்தில் அமையும். மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கருந்திட்டு அவற்றை ஏறக்குறைய 1 : 2 : 3 என்ற இசைவான விகிதத்திற்குக் கொண்டுவருகிறது. இதை 1920இல் எடுத்துக்காட்டியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். அந்த மேற்சுரங்கள் எந்தெந்த வலிமையில் கிளம்பினவோ அதே வலிமையில் காதை அடையவேண்டும். ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் அது வேறொரு வாத்தியமாகிவிடும். மனிதக் குரலும் அப்படியே.

அறையும் ஒரு பெட்டியே

எவ்வளவு நல்ல ஒலிபெருக்கியானாலும் நாம் அதை ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்தே கேட்கிறோம். அந்தப் பெட்டி நம் அறை. 3.5 மீட்டர் நீளமுள்ள அறையின் முதல் நிலையலை 50 ஹெர்ட்ஸில் விழும். சிமெண்டுச் சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியைக் கண்ணாடிபோல் திருப்பியடிக்கும்.

1956இல் அமர் போஸ் என்ற இளைஞர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது விலையுயர்ந்த ஒலிக்கருவி ஒன்றை வாங்கினார். கருவியின் அளவுக் குறிப்புகள் மிக நன்றாயிருந்தும் ஒலி அவருக்கு ஏமாற்றமளித்தது. அவர் தந்தை வங்காளத்திலிருந்து குடியேறிய இந்தியர். இசையரங்கில் நம்மை வந்தடையும் ஒலியில் பெரும்பகுதி சுவர்களில் பட்டுத் திரும்புவதே என்ற எண்ணத்தை வைத்து, 1968இல் ஒன்பது சிறு ஒலிப்பான்கள் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்தார். அவற்றில் எட்டு சுவரை நோக்கி இருந்தன. கேட்பவரை நோக்கியது ஒன்றே. எல்லாப் பொறியாளர்களும் இந்த வழியை ஏற்கவில்லை. ஆனால் அறையை மறந்துவிட்டு ஒலிபெருக்கியை மதிப்பிட முடியாது என்பதை எவரும் மறுப்பதில்லை. நம் வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு: பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி வையுங்கள், தரையில் ஒரு சமுக்காளம் விரியுங்கள், வெறும் சுவரருகே புத்தக அலமாரியை வையுங்கள்.

கண்ணை மறைத்துக் கேட்டவர்கள்

"நல்ல ஒலி என்பது அவரவர் விருப்பம், அதற்கு அளவுகோல் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். 1980களில் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாயிட் டூல் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் வைத்து, பெயரும் விலையும் தெரியாமல் பலரைக் கேட்கச் செய்து மதிப்பெண் இடச் சொன்னார். கேட்டவர்களின் முடிவுகள் பெரிதும் ஒத்திருந்தன. எல்லா அதிர்வெண்களையும் மேடுபள்ளமின்றிச் சமமாகத் தந்த பெட்டிகளே முன்னின்றன. கண்ணை மறைத்தபோது காது நடுநிலையாயிற்று. தன் குரல் இல்லாத பெட்டியையே காது விரும்புகிறது.

மீண்டும் ஒலிநாடா

இனி எங்கள் பெட்டிக்கு வருவோம். அதன் பலகை 6 மி.மீ. கனந்தான். அதை மல்லாக்கக் கிடத்தி, மேலே நம் ஊர் உப்பளத்துப் பொடியுப்பைத் தூவினேன். அலையியற்றியால் 50 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். 180 ஹெர்ட்ஸ் அருகே உப்பு துள்ளி, அதிராத கோடுகளில் ஒதுங்கி நின்றது. 1787இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர் மணலைத் தூவிக் காட்டிய அதே சோதனை. ஆண்குரல் பாடும் எல்லைக்குள் சரியாக அமைந்த சுருதி அது. தந்தையார் அந்தச் சுருதியைத் தொட்டபோதெல்லாம் பலகையும் சேர்ந்து பாடியிருக்கிறது. மேல்சுருதிக்குத் தனி ஒலிப்பான் இல்லாததால் மெய்யெழுத்துகள் மழுங்கியிருந்தன. நாடாவின்மேல் பழியில்லை.

18 மி.மீ. பலகையில் மூடிய பெட்டி ஒன்று செய்தேன். குறுக்குச் சட்டம் கொடுத்து, பஞ்சு வைத்தேன். மேலே சொன்ன மின்தேக்கியும் மின்தூண்டியும் கொண்டு இரண்டு ஒலிப்பான்களை இணைத்தேன். குரலுக்கு மிக ஆழ்ந்த சுருதி தேவையில்லையாதலால் குழாய் வைக்கவில்லை. மீண்டும் உப்பைத் தூவியபோது 180 ஹெர்ட்ஸில் ஒரு பரல்கூட அசையவில்லை.

அம்மாவை அழைத்தேன். நாடாவின் சீற்றம் அப்படியே இருந்தது. அது பதிவிலுள்ள குறை, எந்தப் பெட்டியும் அதை நீக்காது. ஆனால் இரண்டு அடிகளுக்கு நடுவே முன்பு கேளாத ஒன்று இப்போது கேட்டது. மூச்சு. கடலில் மூழ்குமுன் நெஞ்சு நிறைய இழுக்கும் நீண்ட மூச்சு. பாடும்போதும் தந்தையார் அப்படித்தான் மூச்சு எடுத்திருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரை உட்கார்ந்து கேட்டார்கள்.

உங்கள் வீட்டிலுள்ள பெட்டியின் பலகையை இன்று விரலால் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்று சுருதியோடு பதில் சொன்னால், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் அந்தச் சுருதி கொஞ்சம் கலந்திருக்கிறது. 'டக்' என்று சுருக்கமாக அடங்கினால், அதைச் செய்தவர் தம் வேலையை அறிந்தவர்.